இயற்கையில் வாழும் மீன்களை ஆய்வுக்குப் பிடிப்பது: மீனை வதைக்காமல் வேலையை முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த வலை, எத்தனை மீட்டர், எங்கே விரிப்பது என்று கேட்பார்கள். பிடித்த மீனை எங்கே வைப்பது என்ற கேள்வி, மீன் கைக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குத் தோன்றும். அதற்குள் அது வாளியில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

ஆறு, ஏரி, முகத்துவாரம் என்று பல வருடம் கணக்கெடுப்புக்குப் போனதில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்றுதான். மீன் படும் பாட்டில் பெரும்பங்கு, வலை தண்ணீரில் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. கரையில் நாம் தயாராக வைக்காத ஒவ்வொன்றுக்கும் ஆகிற நேரத்தை மீன்தான் தன் மூச்சால் கட்டுகிறது. அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். வலை ஆறாவது படியில்தான் வருகிறது.

1. பிடிக்காமல் முடியுமா என்று பாருங்கள்

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இந்த ஓடையில் என்னென்ன மீன் இனங்கள் இருக்கின்றன?" என்பதுதான் கேள்வி என்றால், ஒரு மீனைக்கூடத் தொடாமல் பெருமளவு பதில் கிடைக்கலாம். மீன்கள் தண்ணீரில் விட்டுச் செல்லும் டி.என்.ஏ.வை வடிகட்டி எடுத்து இனங்களை அடையாளம் காணலாம். தண்ணீர் தெளிவாக இருந்தால் நீருக்கடி கேமரா போதும். பெரிய ஏரியில் மொத்த மீன் அளவை மதிப்பிட ஒலி அலைக் கருவி இருக்கிறது.

இறந்த மீனின் உடல்தான் தேவை என்றால், மீனவர்கள் ஏற்கெனவே பிடித்து இறக்கியவற்றிலிருந்து மாதிரி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வயது கணிக்கச் செவிக்கல், அதாவது மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல், வேண்டும் என்பார்கள். அதற்கு மீனைக் கொன்றாக வேண்டும். பல இனங்களில் செதிலோ துடுப்புக் கதிரின் ஒரு துண்டோ போதிய பதிலைத் தரும். செவிக்கல் அளவுக்குத் துல்லியம் இராது, வயதான மீனில் வயதைக் குறைத்தும் காட்டலாம். உங்கள் கேள்விக்கு அந்தத் துல்லியம் தேவையா என்பதை நீங்கள்தான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2. எத்தனை மீன் என்பதை எண்ணாகச் சொல்லுங்கள்

"கிடைக்கும் வரை" என்பது எண்ணிக்கை ஆகாது. எந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், மீனுக்கு மீன் அளவு எவ்வளவு மாறும் என்பதை வைத்துப் புள்ளியியல் தெரிந்தவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மாறும் அளவு தெரியாவிட்டால் சில மீன்களை வைத்து முன்னோட்டம் ஒன்று நடத்துங்கள்.

இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கும். தேவைக்கு மேல் பிடிப்பது கண்ணுக்குத் தெரிந்த தவறு. தேவைக்குக் குறைவாகப் பிடிப்பது பலருக்குத் தவறாகவே படுவதில்லை. பத்து மீனை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றால், அந்தப் பத்து மீனும் பட்ட துன்பம் முழுக்க வீண். தப்பான மீன்களும் வலையில் விழும். அவற்றையும் கணக்கில் சேர்த்தே அனுமதி கேளுங்கள்.

3. அனுமதி வாங்குங்கள், அந்த இனத்தைப் பற்றிப் படியுங்கள்

பொதுவாக இரண்டு வகை அனுமதி தேவைப்படும். ஒன்று, உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடமிருந்து. இன்னொன்று, அந்த நீர்நிலைக்கும் அந்த இனத்துக்கும் பொறுப்பான அரசுத் துறையிடமிருந்து. ஒன்று கிடைத்தால் இன்னொன்று தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/63 ஆணை, தானாக இரை தின்னத் தொடங்கிய மீன் குஞ்சையே பாதுகாக்கப்பட்ட விலங்காகக் கொள்கிறது. குஞ்சுதானே என்று கணக்கில் விட்டுவிட முடியாது.

அனுமதி வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். பிடிக்கப்போகும் இனத்தைப் பற்றி நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

எப்போது முட்டையிடும், யார் காவல்? விரால் குஞ்சுகள் சிவந்த திரளாக மேல்மட்டத்தில் மொய்த்துக்கொண்டிருந்தால், கீழே பெற்ற மீன் காவல் நிற்கிறது என்று பொருள். அதை ஒரு மணி நேரம் தூக்கி வைத்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. நீங்கள் பிடித்தது ஒரு மீன், இழப்பு நூற்றுக்கணக்கில். திலேப்பியாவில் மொசாம்பிக் இனத்தின் தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் அடைகாக்கும். வலையில் சிக்கிய பதற்றத்தில் அத்தனையையும் துப்பிவிடும். அடைகாக்கும் பருவத்தைத் தவிர்ப்பதுதான் வழி. அப்புறம் அள்ளி வாயில் திணிக்க முடியாது.

காற்றை எப்படிச் சுவாசிக்கும்? விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். வாளியை விளிம்பு வரை நிரப்பி மூடியை அழுத்தி மூடினால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப் போகும். இந்த மீன்களுக்குத் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். துள்ளும் மீன்கள் என்பதால் மூடியும் கட்டாயம் வேண்டும்.

மிதக்க உதவும் காற்றுப்பை எப்படிப்பட்டது? கெண்டை போன்றவற்றில் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் குழாய் உண்டு, அதன் வழியே காற்றை வெளியேற்ற முடியும். கொடுவா, கலவா போன்றவற்றில் அந்த வழி இல்லை. ஆழத்திலிருந்து மேலே கொண்டு வரும்போது இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

முள் எங்கே? கெளுத்தியின் மார்புத் துடுப்பு முள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். உங்கள் கைக்கும் ஆபத்து, வலையிலிருந்து எடுக்கும்போது மீனுக்கும் ஆபத்து.

4. எப்போது நிறுத்துவது என்பதை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள்

களத்தில் இறங்கிய பிறகு யாருக்கும் வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. வண்டி ஏறி வந்தாயிற்று, அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தாயிற்று, இன்னும் பத்து மீன்தானே என்று தோன்றும். அதனால் எல்லைகளை முந்தின நாளே எழுத வேண்டும்.

நான்கு எல்லைகள் போதும். தண்ணீரின் வெப்பநிலை எதைத் தாண்டினால் பிடிக்க மாட்டோம். கரைந்த ஆக்சிஜன் எதற்குக் கீழே போனால் நிறுத்துவோம். ஒரு மீன் அதிகபட்சம் எத்தனை நிமிடம் நம்மிடம் இருக்கலாம். எத்தனை மீன் இறந்தால் அன்றைய வேலையை மூடுவோம். எண்கள் இனத்துக்கு இனம் மாறும், குளிர்நீர் மீனுக்குச் சரியானது வெப்பநீர் மீனுக்குப் பொருந்தாது. எங்கள் குழுவில் முதல் 20 மீனில் 2 இறந்தால் வலையைச் சுருட்டிவிட்டுக் காரணம் தேடுவோம்.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்கக் கூடாது. குழுவில் எல்லோரையும்விட இளையவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னாலும் கைகள் நிற்க வேண்டும். மீனின் மீது கண் வைத்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான். மற்றவர்கள் தராசையும் தாளையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

5. கரையைக் கடைசியிலிருந்து முதலுக்கு அடுக்குங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி. கருவிகளை மீன் போகும் வரிசையில் அடுக்காதீர்கள், தலைகீழாக அடுக்குங்கள். முதலில் மீனை விடப்போகும் இடம். அடுத்து மயக்கம் தெளியும் தொட்டி. அப்புறம் அளவெடுக்கும் மேசை, மயக்கத் தொட்டி, காத்திருப்புத் தொட்டி. வலை கடைசி. அவசரத்தில் ஏதாவது விடுபட்டால், அது பிடிக்கும் பக்கத்தில்தான் விடுபட வேண்டும். வலையில் ஒன்று குறைந்தால் மீன் பிடிபடாது, அவ்வளவுதான். தெளியும் தொட்டி இல்லை என்றால் மீன் செத்துப்போகும்.

ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்தேன். வலை கரையேறி, காத்திருப்பு வாளியில் நாற்பது மீன் விழுந்த பிறகுதான் தராசில் பேட்டரி தீர்ந்திருப்பது தெரிந்தது. இருவர் வண்டிக்கு ஓடினார்கள். முதலில் வாளியின் அடியில் இருந்த மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வாய் நீர்மட்டத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. செவுள் மூடி அகல விரிந்து வேகமாக அடித்தது. பிறகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. பேட்டரி வர ஏழு நிமிடம்தான் ஆனது. நாங்கள் அத்தனையையும் அளக்காமலே விட்டோம், ஆனாலும் சில நீந்தவில்லை. அன்றிலிருந்து தராசைப் போட்டுப் பார்த்து, அதில் ஒரு கல்லை வைத்து எடையைத் தாளில் எழுதிய பிறகுதான் வலைப் பையின் வாயை அவிழ்க்கிறோம்.

தொட்டித் தண்ணீர் மீன் வாழும் அதே நீர்நிலையிலிருந்து, பிடிக்கும் நேரத்துக்குச் சற்று முன் எடுத்ததாக இருக்கட்டும். காலையிலேயே நிரப்பி வெயிலில் வைத்தால் சூடேறிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் நிற்காது. கடல்மட்டத்தில், நன்னீரில் 10 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.5தான். அதே சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. ஆகவே நிழல், மூடி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு மூன்றும் வேண்டும். பம்பு இரண்டாக இருப்பது நல்லது. மூடி போட்டுத் தொட்டியை இருட்டாக்கினால் மீன் தானாகவே அடங்கும்.

எல்லாம் அடுக்கிய பிறகு, மீன் இல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். ஈரத்துணியைச் சுருட்டி மீன் மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். யார் எழுதுகிறார், யார் பிடிக்கிறார், கத்தரிக்கோல் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் இரண்டு சுற்றில் சரியாகிவிடும். புதியவர்கள் இதைக் கூச்சப்பட்டுத் தவிர்ப்பார்கள். தவிர்க்க விடாதீர்கள்.

6. இப்போது வலை

எந்த முறை உங்கள் கேள்விக்குப் பதில் தருமோ, அவற்றுள் மீனுக்குக் குறைவாகக் காயம் தருவதைத் தேர்ந்தெடுங்கள்.

கரைவலையை முழுக்கக் கரையில் இழுத்துப் போடாதீர்கள். மடிப்பகுதி தண்ணீரில் மிதக்கும்படி நிறுத்தி, அங்கிருந்து கைவலையால் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ளுங்கள். மணலில் புரளும் மீன், மேலே உள்ள வழுவழுப்பை இழக்கிறது. அந்த வழுவழுப்புதான் அதற்குக் கிருமிகளிடமிருந்து முதல் அரண். கைவலை முடிச்சில்லாததாக, முடிந்தால் ரப்பர் பூச்சு உள்ளதாக இருக்கட்டும்.

செவுள் வலை மீனைச் செவுளில் பிடித்து நிறுத்துகிறது. நேரம் போகப் போக மூச்சு அடைபடும். உயிரோடு விட நினைத்தால் இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். வலையில் சிக்கிய மீனை வந்த வழியே இழுத்தால் செவுளும் செதிலும் கிழியும். வலைக் கண்ணியை அறுத்துவிடுங்கள். கெளுத்தி என்றால் யோசிக்கவே வேண்டாம், அறுத்துவிடுங்கள். வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

பொறியும் கூடும் மென்மையான முறைகள். ஆனால் ஆமை, நீர்நாய் போன்ற காற்றைச் சுவாசிக்கும் உயிர்களும் உள்ளே போகும். வாயில் தடுப்புக் கம்பி வையுங்கள், அல்லது கூட்டின் ஒரு பகுதி எப்போதும் நீருக்கு மேலே இருக்கும்படி கட்டுங்கள். உள்ளே பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தூண்டில் போடுவதானால் எதிர்முள் இல்லாத கொக்கி. கொக்கியைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டால் தோண்டி எடுக்காதீர்கள். தூண்டில் கயிற்றைக் கொக்கிக்கு அருகே வெட்டிவிட்டு மீனை விட்டால் அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை, ஆட்களின் உயிருக்கே ஆபத்து உண்டு. மீனைப் பொறுத்தவரை மாறுதிசை மின்னோட்டத்தைத் தவிருங்கள். துடிப்பு நேர்மின்னோட்டம் என்றால் துடிப்பின் வேகத்தைக் குறைவாக வையுங்கள். அந்த வேகம் கூடக்கூடத் தசை முறுக்கிக்கொண்டு முதுகெலும்பு முறியலாம். பெரிய மீனுக்கு இந்த ஆபத்து அதிகம். வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே முறிந்திருக்கும் என்பதால், நீந்திப் போயிற்று என்பதை வைத்து நலமாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி, மீன் மிதக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

ஆழத்திலிருந்து எடுக்கும்போது கணக்கு எளிது, விளைவு கொடியது. 10 மீட்டர் ஆழத்தில் காற்றுப்பையில் இருந்த காற்று, மேல்மட்டத்துக்கு வரும்போது இருமடங்காக விரியும். 30 மீட்டரிலிருந்து என்றால் நான்கு மடங்கு. கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே பலூன் மாதிரி வெளியே தள்ளும். அந்தப் பலூனைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துவது புதியவர்களின் வழக்கமான தவறு. அது இரைப்பை, தொடாதீர்கள். மீனை எடை கட்டிய கருவியில் பிடித்து மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடுவதே சிறந்த வழி. அந்தக் கருவி கையில் இல்லை என்றால் அந்த ஆழத்தில் பிடிக்கப் போகாதீர்கள்.

7. தொடுவதும் தூக்குவதும்

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். கையில் வெயில் கிரீம், கொசு மருந்து, சிகரெட் வாடை எதுவும் இருக்கக் கூடாது. உலர்ந்த துணி, உலர்ந்த பலகை, வெயிலில் காய்ந்த அளவுகோல் மூன்றும் ஒரே தீமையைச் செய்கின்றன.

இரண்டு கையால் தாங்குங்கள். ஒரு கை வால் அடியில், இன்னொன்று மார்புத் துடுப்புகளுக்குக் கீழே. தாடையைப் பிடித்து நெட்டுக்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். தண்ணீரில் எடை தெரியாமல் வாழும் உடல் அது, காற்றில் தொங்கினால் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் அந்தப் பாரத்தைத் தாங்க ஆயத்தமாக இல்லை. செவுளுக்குள் விரல் விடவே கூடாது.

தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரத்தை வினாடியில் எண்ணுங்கள். தண்ணீரில் விரிந்து நிற்கும் செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்துவிடும், மூச்சு அங்கேயே நிற்கும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை துரத்தி, பிறகு காற்றில் வைத்துப் பார்த்தார்கள். 12 மணி நேரம் கழித்து, காற்றே படாதவற்றில் 88 சதவீதம் உயிரோடு இருந்தன. 30 வினாடி காற்றில் இருந்தவற்றில் 62 சதவீதம். ஒரு நிமிடம் இருந்தவற்றில் 28 சதவீதம்தான். எல்லா இனத்துக்கும் இதே எண்கள் வராது. ஆனாலும் ஒரு புகைப்படத்துக்கு ஒரு நிமிடம் என்பது எவ்வளவு பெரிய நேரம் என்று இதிலிருந்து தெரியும்.

எங்கள் வழக்கம் இது: மீன் தண்ணீரை விட்டு எழுந்ததும் எழுதுபவர் சத்தமாக எண்ணத் தொடங்குவார். பத்து என்று சொன்னால் மீன் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும். படம் எடுக்க வேண்டுமா? அளவுகோல் ஒட்டிய கண்ணாடித் தொட்டியில் தண்ணீரோடு எடுங்கள். எடை பார்க்க, தண்ணீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, அதில் மீனை விடுங்கள்.

8. மயக்க மருந்து

நீளம் மட்டும் அளப்பது என்றால் பழகிய கைக்கு மயக்கம் தேவைப்படாது, மருந்தே கூடுதல் தொல்லை ஆகலாம். ஊசி குத்துவது, உடலுக்குள் அடையாளச் சில்லு வைப்பது, தையல் போடுவது என்றால் மயக்கம் இல்லாமல் செய்யவே கூடாது. வானவில் டிரவுட்டின் தலையில் வலியுணர் நரம்பு முனைகள் இருப்பது 2003இல் பதிவு செய்து காட்டப்பட்டுவிட்டது. அசையாமல் இருக்கிறது என்பதால் வலிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

அதிகம் பயன்படுவது எம்எஸ்-222. இதைத் தண்ணீரில் கரைத்தால் அமிலமாகும், செவுளும் தோலும் எரியும். சம எடை முதல் இருமடங்கு எடை வரை சோடியம் பைகார்பனேட் சேர்த்து, அமிலத்தன்மையை அந்த நீர்நிலையின் அளவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த ஒரு படியை மறப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. மீன் மயக்கத் தொட்டியில் விழுந்ததும் துள்ளித் துடித்தால், மருந்து வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். எரிகிறது என்று பொருள். உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விட்டுவிட்டுக் கரைசலைச் சரிபாருங்கள். கரைசல் வெளிச்சத்தில் கெடும், அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.

கிராம்பு எண்ணெய் எளிதில் கிடைக்கும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் கரையாது, எண்ணெய்த் திட்டாகச் செவுளில் ஒட்டும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு எத்தனாலில் முதலில் கரைத்து, பிறகு தண்ணீரில் ஊற்றிக் குலுக்க வேண்டும்.

அளவு, இனத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. எம்எஸ்-222 பொதுவாக லிட்டருக்கு 50 முதல் 150 மில்லிகிராம், கிராம்பு எண்ணெய் 25 முதல் 100 மில்லிகிராம் என்ற வட்டத்துக்குள் இருக்கும். கீழ் எல்லையில் தொடங்கி, இரண்டு மூன்று மீனில் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போங்கள். மூன்று நிமிடத்துக்குள் மயங்கி, ஐந்து நிமிடத்துக்குள் தெளிந்தால் அளவு சரி.

மயக்கம் இறங்குவதைப் பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் நீந்துவது மந்தமாகும். பிறகு உடல் ஒரு பக்கம் சாய்ந்து, வயிறு மேலே வரும். வாலடியை மெல்ல நிமிண்டிப் பாருங்கள், அசைவு இல்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். இந்த நேரம் முழுக்க ஒருவர் செவுள் மூடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது மெதுவாக, சீராக அடிக்க வேண்டும். நின்றுவிட்டால் வேலையைப் பாதியில் விட்டு, மீனை நல்ல தண்ணீரில் வைத்து, வாய்வழியே தண்ணீர் செவுளுக்குப் போகும்படி செய்யுங்கள்.

இன்னொன்று. மருந்து கொடுத்த மீனை யாராவது பிடித்துச் சாப்பிட வாய்ப்பு உண்டா என்று யோசியுங்கள். அமெரிக்காவில் எம்எஸ்-222 கொடுத்த மீன் 21 நாள் கழித்துத்தான் உணவாகலாம் என்பது விதி. உங்கள் இடத்து விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

9. அளவு, மாதிரி, அடையாளம்

ரத்தம் தேவை என்றால் அதை முதலில் எடுங்கள். பிடித்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் பதற்றத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் ஏறத் தொடங்கிவிடும். இயல்பு நிலை அளவு வேண்டும் என்றால் மூன்று நிமிடத்துக்குள் ஊசி ஏறியிருக்க வேண்டும். மீனுக்கு ரத்தம் குறைவு, 100 கிராம் மீனில் மொத்தமே 3 முதல் 5 மில்லிலிட்டர்தான். அதில் 0.1 மில்லிலிட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

டி.என்.ஏ.வுக்கு வால் துடுப்பின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு போதும், எத்தனாலில் போட்டுவிடலாம். டிரவுட் வகை மீன்களின் முதுகில் பின்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை உபயோகமற்றது என்று வெட்டுகிறவர்கள் உண்டு. அதிலும் நரம்புகள் இருக்கின்றன.

அடையாளச் சில்லின் எடை மீனின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய வழக்கம். அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 12 மில்லிமீட்டர் சில்லின் எடை ஏறத்தாழ 0.1 கிராம். எடைக் கணக்குப்படி 5 கிராம் மீனுக்குப் பொருந்தும். ஆனால் அந்த மீனின் வயிற்றறைக்குள் 12 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒல்லியான இனத்தில் இராது. ஊசியைச் சாய்வாக, ஆழமில்லாமல் செலுத்துங்கள். நேராகக் குத்தினால் குடலோ ஈரலோ கிழியும். முதல் இருபது ஊசியை இறந்த மீனில் போட்டுப் பழகிவிட்டு, அந்த மீனை அறுத்துச் சில்லு எங்கே போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். தையல் தேவைப்படும் அறுவையை எந்த வழிகாட்டியையும் படித்துக் கற்க முடியாது, மீன் அறுவை தெரிந்த மருத்துவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

10. தெளிவித்து விடுவது

தெளியும் தொட்டியில் மீன் நிமிர்ந்து நிற்பது முதல் படி மட்டுமே. அத்தோடு விட்டுவிடுவது பொதுவான பிழை. மூன்று சோதனை செய்யுங்கள். மீனைத் தண்ணீரிலேயே புரட்டி வைத்தால் மூன்று வினாடிக்குள் நிமிர வேண்டும். வாலைப் பிடித்தால் உதறிக்கொண்டு ஓடப் பார்க்க வேண்டும். உடலை இடம் வலமாகச் சாய்த்தால், கண் உடலோடு சாயாமல் மட்டமாக நிற்க முயல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் விடலாம். நிமிரத் தெரியாத மீனை விடுவது, அதைத் தின்னக் காத்திருக்கும் பறவைக்கும் பெரிய மீனுக்கும் கொடுப்பதுதான்.

பிடித்த இடத்திலேயே, வேகம் இல்லாத நீரில் விடுங்கள். தொட்டி நீருக்கும் ஆற்று நீருக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால், ஆற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் கலந்து சமப்படுத்துங்கள். மேலிருந்து எறிய வேண்டாம். கையை நீருக்குள் வைத்துக்கொண்டு, அது தானாகப் போகும்வரை காத்திருங்கள். மீனை முன்னும் பின்னும் ஆட்டித் தண்ணீர் பாய்ச்சுவதைப் பலர் செய்கிறார்கள். பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகிறது. தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்தாலே போதும்.

ஆய்வுக்கூடத் தொட்டியில் வேறு மீன்களோடு வைத்திருந்ததை நீர்நிலையில் திருப்பி விடாதீர்கள். நோயும் அதோடு சேர்ந்து போகும். அப்படி வைக்கப் போகிறீர்கள் என்றால், அதன் முடிவு என்ன என்பதைப் பிடிக்கும் முன்பே அனுமதியில் எழுதியிருக்க வேண்டும்.

11. கொல்ல வேண்டியிருந்தால்

இரண்டு சூழ்நிலை: மாதிரிக்காகத் திட்டமிட்டுக் கொல்வது, பிழைக்காது என்று தெரிந்த மீனைத் துன்பத்திலிருந்து விடுவிப்பது. இரண்டாவதற்கும் ஆயத்தமாகப் போக வேண்டும். போகாதவர்கள் மீனைக் கரையில் போட்டுவிட்டுத் தானாகச் சாகட்டும் என்று விடுவதைப் பார்த்திருக்கிறேன். காற்றில் மூச்சுத் திணற விடுவது, உயிரோடு ஃபார்மலினிலோ எத்தனாலிலோ போடுவது, பெரிய மீனைப் பனிக்கட்டியில் புதைப்பது எதுவும் ஏற்கத்தக்கதல்ல.

மருந்து என்றால், சோடியம் பைகார்பனேட் கலந்த எம்எஸ்-222, லிட்டருக்கு 250 முதல் 500 மில்லிகிராம். செவுள் மூடி நின்ற பிறகும் குறைந்தது பத்து நிமிடம் கரைசலிலேயே இருக்க வேண்டும். மருந்து கூடாத ஆய்வு என்றால், தலையில் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் ஒரே அடியில் நினைவிழக்கச் செய்து, உடனே மூளையைச் சிதைக்க வேண்டும். தலையை வெட்டினால் மட்டும் போதாது. மீனின் மூளை ஆக்சிஜன் இல்லாமலும் சற்று நேரம் இயங்கும். இறந்த பிறகும் இதயம் துடிக்கலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூச்சு நின்றிருக்க வேண்டும், உடலைச் சாய்த்தால் கண் அசையாமல் உடலோடு போக வேண்டும்.

அடி கொடுப்பவர் தயங்கினால் மீன் இரண்டு முறை அடிபடும். தயக்கம் உள்ளவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அதற்காக அவரைக் குறை சொல்லவும் வேண்டாம்.

12. அன்றைக்கே எழுதுங்கள்

வலைகளை அலசி, கிருமிநீக்கி, முழுக்கக் காயவைத்த பிறகுதான் அடுத்த நீர்நிலைக்கு எடுத்துப் போக வேண்டும். அவை காயும் நேரத்தில் எழுதி முடித்துவிடலாம்.

எத்தனை பிடிபட்டது, எத்தனை வேறு இனம், எத்தனை இறந்தது, எத்தனை பாதியில் விடப்பட்டது என எல்லாம் வேண்டும். மருந்தின் அளவு, தண்ணீரின் சூடு, ஆக்சிஜன் ஆகியவையும் வேண்டும். விலங்கு ஆய்வுகளை வெளியிடுவதற்கான அரைவ் (ARRIVE) நெறிகள் 2020இல் புதுப்பிக்கப்பட்டன. கட்டுரை எழுதும்போது அவற்றைத் தேடுவதைவிட, களத் தாளின் தலைப்புகளையே அதற்கேற்ப அமைத்துக்கொள்வது எளிது.

இறந்த மீனுக்கு நேரத்தையும் எழுதுங்கள். பிடிபட்ட நேரம், தொட்டிக்கு வந்த நேரம், இறந்த நேரம். நாங்கள் பல பருவம் எண்ணிக்கையை மட்டும் எழுதிவந்தோம், அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. நேரத்தை எழுதத் தொடங்கிய முதல் பருவத்திலேயே, இறந்தவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு இழுப்பிலும் கடைசியாக மேசைக்கு வந்த மீன்கள் என்று தெரிந்தது. வலையோ மருந்தோ காரணமில்லை, காத்திருப்புதான் காரணம். இப்போது ஒரு இழுப்பில் பாதி மீனை மட்டும் தொட்டிக்கு எடுக்கிறோம், மீதியை மடியிலிருந்தே உடனே விட்டுவிடுகிறோம். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகிறது.